வில்பட்டியார் பேச்சில் அணிகள்: குளிர், பேருந்து, பூண்டு என்னும் முப்பொருள் பற்றிய ஆராய்ச்சி

அணி என்பது சொல்லவந்ததை நேரே போட்டு உடைக்காமல், கேட்பவர் மனத்தில் தைக்கும்படி வேறு வாயிலாகச் சொல்லும் முறை. இதற்குத் தமிழில் இலக்கணம் பழையது. தொல்காப்பியம் உவமை ஒன்றையே எடுத்துக்கொண்டு, அதற்கு உவமவியல் என்று தனி இயல் ஒதுக்கியது. 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் எழுத்து, சொல், பொருள், யாப்பு ஆகியவற்றோடு அணியையும் ஐந்தாவதாகச் சேர்த்தது. தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிப் பொருளணி 35 என்று வகுத்தது. 16-ஆம் நூற்றாண்டில் மாறனலங்காரம் அதை 64 ஆக்கியது. உலகத்தில் பூண்டு விலை நீங்கலாக மற்ற எல்லாம் ஏறிக்கொண்டே போகும் என்ற வில்பட்டிக் கொள்கைக்கு இதுவும் ஒரு சான்று.

அணி நூலார் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அரசர்மேல் பாடிய பாடல்களிலிருந்து தந்தார்கள். தண்டியலங்கார மேற்கோள்களில் அனபாயன் அடிக்கடி வருகிறான். 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்க சோழனின் சிறப்புப் பெயர் அது. வில்பட்டியில் அனபாயனின் இடத்தைப் பேருந்து பிடித்திருக்கிறது. இருவருக்கும் பொதுத்தன்மை உண்டு: எப்போது எழுந்தருள்வார் என்பது குடிகளுக்குத் தெரியாது, எழுந்தருளினால் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்.

வில்பட்டி திண்டுக்கல் மாவட்டத்தில், கோடைக்கானலை ஒட்டிய மலைச்சரிவு ஊர். சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய காடுகள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், இடையிடையே பேரி, பிளம்ஸ். ஊரார் பேச்சுக்குரிய பொருள்கள் பலவாயினும் அவை மூன்றில் அடங்கும். குளிர் எப்போதும் இருக்கும். பேருந்து எப்போதாவது இருக்கும். பூண்டு இருக்கும்போது விலை இருக்காது. இம்மூன்றைப் பற்றியும் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் பூண்டு காயும் திண்ணையிலும் வழங்கும் பேச்சே இங்கு ஆராயப்படுகிறது. பேசுவோர் அனைவரும் போர்வையோ கம்பளியோ போர்த்தியவர்கள். இச்செய்தி அற்பமானதாகத் தோன்றினாலும், நுட்பவணியை ஆராயும் இடத்தில் இதன் பயன் விளங்கும்.

குளிர்

மார்கழி, தை மாதங்களில் கோடைக்கானல் பகுதியில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். பகலெல்லாம் இதை உவமையால்தான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடம் நான்கு என்றார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். நான்கும் வில்பட்டியில் விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே நிறைவேறிவிடுகின்றன. “ஊசியால குத்துற மாதிரி இருக்கு” என்பது வினை உவமை. மூன்று கம்பளியை அடுக்கிப் போர்த்தியவர், “சல்லடையப் போத்துன மாதிரிதான் இருக்கு” என்றால் அது பயன், அல்லது பயனின்மை. “பயபுள்ள பூண்டுப் பல்லுக் கணக்கா சுருண்டு கெடக்கான்” என்று பேரனைக் காட்டி அப்பத்தா சொன்னால் மெய். “ஒதடு நாவப்பழமாட்டம் ஆயிருச்சு பாரு” என்றால் உரு.

உவமையைக் காட்டும் உருபுகளாக நன்னூல் பன்னிரண்டைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. வில்பட்டியில் வழங்குபவை மாதிரி, கணக்கா, ஆட்டம் ஆகிய மூன்றே. மான, உறழ, ஏய்ப்ப முதலியவை மலை ஏறி வரவில்லை. ‘கடுப்ப’ மட்டும் பேருந்து நிறுத்தத்தில் உயிரோடிருக்கிறது. ஆனால் உவம உருபாக இல்லை.

குளிர் பற்றிய பேச்சில் ஆராய்ச்சியாளர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உயர்வு நவிற்சி எது, தன்மை நவிற்சி எது என்று பிரிப்பதுதான் அது. ஒன்றை உலக எல்லை கடந்து மிகைப்படுத்திச் சொல்வது உயர்வு நவிற்சி. தண்டியலங்காரம் இதை அதிசயவணி என்னும். உள்ளதை உள்ளவாறு சொல்வது தன்மையணி. மதுரையிலிருந்து மருமகளாக வந்த பெண்ணிடம் மாமியார் சொல்வதாக நான்கு கூற்றுகளை எடுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் தோண்டித்தான் தலைக்கு வைக்க வேண்டும். பாலுக்கு உறை ஊற்றினால் மறுநாள் பாலாகவே இருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு வேகாது. நேற்று அடித்த காற்றில் நம் நாய் குரைத்தது இன்றைக்குத்தான் பக்கத்து ஊர்ப் பள்ளங்கிக்காரருக்குக் கேட்டதாம்.

மருமகள் நான்கையும் சிரித்துத் தள்ளிவிடுவாள். இது தவறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். வில்பட்டியில் அது இளகியிருந்தால்தான் செய்தி. உறை மோரில் இருக்கும் நுண்ணுயிர் வேலை செய்ய வெதுவெதுப்பு வேண்டும். அடுப்பு மேட்டில் துணி சுற்றி வைக்காத பால் தயிராவதில்லை. கோடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. ஆகவே குக்கர் அல்லாத பானையில் பருப்பு பிடிவாதம் பிடிப்பது இயற்பியல். முதல் மூன்றும் தன்மையணி. நான்காவது ஒன்றே உயர்வு நவிற்சி. சமவெளிக்காரர் மெய்யை அணியாகவும் அணியை மெய்யாகவும் எடுத்துக்கொள்வதால்தான் மலையூர் மக்களுக்குப் பெரும்பேச்சுக்காரர் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரில் கால்வாசி மட்டுமே அவர்களுக்கு உரியது.

விபாவனை என்பது, ஒரு செயலுக்கு வழக்கமான காரணத்தை விலக்கிவிட்டு வேறு காரணத்தைக் குறிப்பாக உணர்த்துவது. “நம்ம மாமா குடிக்காமயே ஆடிக்கிட்டு வர்றாரு” என்பதில் குடி விலகிக் குளிர் விளங்குகிறது. குடியே காரணமாக இருந்தால் அது விபாவனை ஆகாது. வழக்கமான காரணம் இருந்தபடியே இருக்கிறது. தன்மேம்பாட்டுரை, அதாவது தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது, அறுபது வயதுக்கு மேற்பட்டோரிடம் மிகுதி: “இதெல்லாம் ஒரு குளிராடா? நாங்க பாத்த குளிருக்கு இது வெயிலு.” பெயரில் கோடையையும் தெருவில் குளிரையும் வைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து நகரம் விரோதவணிக்கு நிரந்தர எடுத்துக்காட்டு. அங்கே 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்திலிருந்துதான் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அது எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க வழங்குகிறது. அந்தச் சூரியன் வில்பட்டிக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்காக வருவதில்லை. “மேலே இருக்கிறவர் லீவு” என்று டீக்கடையில் சொல்வது உருவகம். மேலே இருப்பவர் கடவுளா, கதிரவனா, பக்கத்து நகரத்து அதிகாரியா என்று தெளிவுபடாததால் அது பிறகு சிலேடையாகவும் கொள்ளப்பட்டது.

பேருந்து

பேருந்தைக் குறிக்கும் பெயரிலேயே இலக்கணம் தொடங்கிவிடுகிறது. ஏழரை மணி வண்டியை யாரும் ஏழரை மணி வண்டி என்று சொல்வதில்லை. ‘ஏழரை’ என்றே சொல்கிறார்கள். காலத்தின் பெயர் அக்காலத்துக்குரிய பொருளுக்கு ஆகி வருவதால் இது காலவாகுபெயர். வண்டி எட்டே காலுக்கு வந்தாலும் பெயர் மாறாது. ஆகுபெயருக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் ஏதேனும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே அத்தொடர்பு அறுந்து நாளாகிவிட்டபடியால், ‘தொடர்பறு ஆகுபெயர்’ என்று புதுவகை ஒன்று கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சோதிடத்தில் ஏழரை என்றால் சனி பிடித்திருக்கும் ஏழரை ஆண்டு. “ஏழரை எப்பண்ணே விடும்?” என்று நிறுத்தத்தில் ஒருவர் கேட்டால் அவர் கண்டக்டரைக் கேட்கிறாரா, சோதிடரைக் கேட்கிறாரா என்பது கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தது. வினாக்களில் வில்பட்டி பெரிதும் கையாள்வது அறிவினா, அதாவது விடை தெரிந்தே கேட்பது. தோளில் பையும் கையில் பிள்ளையுமாக நிறுத்தத்தில் நிற்பவளிடம், “என்ன தாயி, ஊருக்கா?” என்பார்கள். விடைகள் எட்டும் ஒரே வினாவுக்கு ஒரே இடத்தில் கிடைப்பதுதான் இவ்வூரின் தனிச்சிறப்பு. வெளியூர் விருந்தாளி ஒருவர் வந்து, “அண்ணே, பஸ் வருமா?” என்று கேட்கிறார் என்று கொள்வோம். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் வளைவைக் காட்டி, “அந்தா” என்கிறார். இது சுட்டு விடை. பெஞ்சில் முதலாமவர், “வராது” என்பது மறை. இரண்டாமவர், “வரும்” என்பது நேர். இப்படிச் சொல்பவரைப் பிறகு யாரும் நம்புவதில்லை. “வேணும்னா நீங்களே வளைவு வரைக்கும் போயிப் பாத்துட்டு வாங்க” என்பது ஏவல். “வராம எங்கிட்டுப் போயிரும்?” என்பது வினா எதிர் வினாதல். “நேத்தே டயர் வெடிச்சுப் போச்சு” என்பது உற்றது உரைத்தல், நடந்ததைச் சொல்லி விடையைக் குறிப்பால் தருவது. “நடந்தா முட்டி வலிக்குமே” என்பது உறுவது கூறல், நடக்கப்போவதைச் சொல்வது. “ஜீப்பு வரும்” என்பது இனமொழி, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. எட்டையும் கேட்டு முடித்த விருந்தாளிக்கு இலக்கணம் முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. பேருந்து வருமா என்பது மட்டும் தெரிவதில்லை.

இதற்கடுத்துக் கவனிக்க வேண்டியது கால வழுவமைதி. எதிர்காலத்தில் நிகழப்போவதை இறந்தகாலத்தில் சொல்வது வழு, அதாவது பிழை. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் அப்படிச் சொன்னால் குற்றமில்லை என்று நன்னூல் விட்டுக்கொடுக்கிறது. வெளியே துணைவர் காத்திருக்க, உள்ளே இன்னும் உண்டு முடிக்காதவன் “உண்டேன், வந்தேன்” என்று குரல் கொடுப்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். எத்தனையோ நூற்றாண்டு கழித்து இந்த உதாரணம் செல்போனுக்குள் அப்படியே குடியேறியிருக்கிறது. “மச்சான், எங்கடா இருக்க?” என்ற கேள்விக்கு, போர்வைக்குள் படுத்தபடியே, “கெளம்பிட்டேன்” என்ற விடை வரும். இது விரைவு. பல் தேய்க்கும்போது கேட்டால், “ஏறிட்டேன்” என்பது தெளிவு, ஏறப்போவது உறுதி என்பதால். உண்மையாகவே நிறுத்தத்துக்கு வந்தபின் சொல்லும் சொல், “வந்துக்கிட்டே இருக்கேன்.” நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்லும் இம்முறைக்கு நான்கு காரணத்தில் எதுவும் பொருந்தவில்லை. மச்சான் ஒரு டீக்குக் காசு கொடுக்க நேருமே என்ற அச்சத்தை ஐந்தாவது காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தற்குறிப்பேற்றம் என்பது இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் சொல்பவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது கோட்டைக் கொடிகள் வரவேண்டாம் என்று கையசைத்தன என்பது பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்தது. வில்பட்டியில் வண்டி கடைசி வளைவில் முதல் கியரில் முனகி ஏறும்போது, “உள்ள எத்தன மூடைய ஏத்தப் போறாய்ங்களோன்னு அழுதுக்கிட்டே வருது பாரு” என்பார்கள். தண்டியலங்காரம் இவ்வணியை, தானே பெயர்ந்து செல்லும் பொருள்மேல் ஏற்றுவது, பெயராப் பொருள்மேல் ஏற்றுவது என்று இரண்டாக்குகிறது. மலைப் பேருந்தை எதில் சேர்ப்பது? ஓடும்போது அது முதல் வகை. வளைவில் நின்றுவிட்டால் இரண்டாம் வகை. பயணிகள் இறங்கித் தள்ளும்போது பெயர்வது உண்டு, ஆனால் தானே பெயர்வது இல்லை. இந்தச் சிக்கல் தண்டியாசிரியர் காலத்தில் எழ வாய்ப்பில்லை. சோழர் காலத்தில் தேரைத் தள்ளினார்களே என்று கேட்கலாம். தேர் தானே ஓடும் என்று யாரும் சீட்டுக் கொடுத்து ஏற்றவில்லை.

வேற்றுமையணி, இரண்டு பொருளை முதலில் ஒப்பாக்கிப் பின்பு வேறுபடுத்துவது. இம்மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. “குறிஞ்சியும் எப்பவோதான் வருது, நம்ம வண்டியும் எப்பவோதான் வருது. ஆனா குறிஞ்சிக்கு ஒரு கணக்கு இருக்கு” என்ற கூற்று இவ்வணிக்குக் குறையற்ற எடுத்துக்காட்டு. ஒப்புமை, வேற்றுமை, வேற்றுமைக்குக் காரணம் மூன்றும் மூன்று வாக்கியத்தில் அடங்கிவிட்டன. புலவர்கள் இதற்கு ஒரு வெண்பா முழுவதையும் செலவழிப்பார்கள்.

மாறுபடுபுகழ்நிலை இதனினும் நயமானது. பழிக்க நினைத்த பொருளை வாயால் சொல்லாமல், வேறொன்றைப் புகழ்ந்து, அந்தப் புகழ்ச்சியாலேயே மறைந்திருப்பதைப் பழிப்பது. கோடைக்கானல் மலையில் காட்டுமாடுகள் இரவில் காட்டுக்குள் இறங்கிக் கேரட்டையும் பீன்சையும் மேய்ந்துவிட்டுப் போவது மக்களுக்குத் தீராத தலைவலி. அப்படி இரவெல்லாம் டார்ச்சோடு காவல் காத்துவிட்டு நேரே நிறுத்தத்துக்கு வந்தவர் சொல்கிறார்: “காட்டுமாட்டச் சும்மா சொல்லக்கூடாதுண்ணே. ராத்திரி பத்துன்னா பத்து. ஒரு நா தவறல.” பேருந்து என்ற சொல்லே இதில் இல்லை. கேட்ட அனைவரும் வளைவைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதே அணி நிறைவேறியதற்கு அடையாளம். இதைப் பள்ளிப் பாடத்தின் வஞ்சப்புகழ்ச்சியோடு குழப்பக் கூடாது. வஞ்சப்புகழ்ச்சியில் பழிக்கப்படுவதையே புகழ்வார்கள். “நம்ம வண்டிக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது, ஞானி” என்பது வஞ்சப்புகழ்ச்சி.

தீவகம் என்பது ஓரிடத்தில் நின்ற சொல் பல இடத்துச் சொற்களோடும் போய்ப் பொருந்துவது. “மழ, காத்து, மேகம், டூரிஸ்ட்டு, பைனான்ஸ்காரன், எல்லாம் வந்தாச்சு” என்பதில் கடைசியில் நின்ற வினை ஐந்துக்கும் விளக்கேற்றுவதால் கடைநிலைத் தீவகம். எது வரவில்லை என்பதைச் சொல்லாமலே விளக்குவது இதன் கூடுதல் வெளிச்சம்.

நுட்பவணி என்பது கேட்டதற்கு வாயால் விடை சொல்லாமல் குறிப்பாலும் செயலாலும் உணர்த்துவது. காப்பிய மாந்தர் இதற்குக் கண்ணையும் கையையும் பயன்படுத்துவர். வில்பட்டியில் கை எந்நேரமும் போர்வைக்குள் இருப்பதால் அவ்வணி தாடைக்கு இடம் மாறியிருக்கிறது. தாடை வளைவுப் பக்கம் ஒருமுறை உயர்ந்தால் வண்டி புறப்பட்டுவிட்டது. மார்போடு ஒட்டிக்கொண்டால் இன்னும் வரவில்லை. இடவலமாக ஆடினால் இன்றைக்கு இல்லை. கையை வெளியே எடுத்துக் காட்டுகிறார் என்றால் விஷயம் பெரிது. ஒன்று கல்யாணம், அல்லது நில அளவை.

பூண்டு

மலைப்பூண்டு, கோடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்றது. அடிவாரத்தின் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் அதே பெருமை கிடைத்தது. ஒரே மலைக்கு இனிப்புக்கு ஒன்றும் காரத்துக்கு ஒன்றும் கிடைத்ததை நிரல்நிறை என்று கொள்ள இடமுண்டு. எடுத்த பூண்டைத் தாளோடு கட்டிப் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். கெடாமல் இருப்பதற்கு என்பது அறிவியல் காரணம். விலை ஏறட்டும் என்று காத்திருப்பது மற்றக் காரணம்.

விலை தீர்மானமாகும் இடம் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிப் பூண்டுச் சந்தை. ஆகவே வில்பட்டியில் வடுகபட்டி என்பது ஓர் ஊரின் பெயராக வழங்குவது அரிது. “வடுகபட்டி கவுத்துருச்சு”, “வடுகபட்டி நிமிந்து நிக்குது”, “வடுகபட்டி எப்பிடி?” என்று, இடத்தின் பெயர் அவ்விடத்து விலைக்கு ஆகி வருவதால் இடவாகுபெயர். கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊரும் அதுவே. அவ்வூரில் பூண்டு முன்போ, அணி முன்போ என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம்; மலையிலிருந்து இறங்கும் சாக்குகளோடு உவமைகளும் இலவசமாக இறங்கியிருக்கின்றன என்பதில் வில்பட்டியாருக்கு ஐயமில்லை.

பூண்டைப் பற்றிய பேச்சில் முதலிடம் சிலேடைக்கு. ஒரு சொல் பிரியாமலே நின்று இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை. திண்ணையில் பூண்டுக்குத் தாள் அறுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரை அருகிலிருந்து பார்த்தால் முதல் வகை விளங்கும். இடக்கையில் நாலைந்து பூண்டைச் சேர்த்துப் பிடித்து, கத்தியை மடியில் அசையாமல் நிறுத்தி, தாளைத்தான் அதன்மேல் இழுக்கிறார், கத்தி நகர்வதில்லை. வெள்ளைத் தோல் பறந்து மீசையில் ஒட்டிக்கொள்கிறது. தெருவில் போகிறவர், “பெரியப்பா, இந்தப் போகம் எப்பிடி?” என்கிறார். பெரியவர் தலையை நிமிர்த்தி, “ஒத்தப் பல்லு மிஞ்சலப்பா” என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரித்த வாயில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் காலி. ‘பல்’ என்ற சொல்லைப் பிரிக்கவில்லை, மாற்றவில்லை. நிலத்துக்கும் வாய்க்கும் ஒரே கணக்காகப் பொருந்தியது. உரையாசிரியர் இருவர் வேண்டிய இடத்தில் அவர் சிரிப்பு ஒன்றே உரையாக அமைந்தது.

பரிவருத்தனை என்பது பொருள் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொள்வதாகச் சொல்வது. தலைவி தன் நலத்தைக் கொடுத்துப் பசலையைப் பெற்றாள் என்ற போக்கில் புலவர் பாடுவர். வடுகபட்டியிலிருந்து திரும்பியவர் சம்சாரத்திடம் சொல்வது: “பத்து மூடையக் குடுத்துட்டு, பதினோரு கவலைய வாங்கிட்டு வந்தேன்.” கொடுத்ததைவிட ஒன்று அதிகமாக வாங்கியிருப்பதால் இதை லாபம் என்று கொள்ளலாமா என்ற ஐயத்தைச் சம்சாரம் எழுப்பினால், அதற்கு விடை எட்டில் எதுவுமில்லை.

ஒட்டணியைப் பிறிது மொழிதல் என்றும் சொல்வர். கருதியதை மறைத்து, அதனோடு ஒத்த இன்னொன்றை மட்டும் சொல்லி நிறுத்துவது. பெண் பார்க்க வந்தவர்கள் போனபின் வீட்டில் ஒரு மௌனம். அப்பத்தா ஒரு பூண்டைக் கையில் உருட்டியபடி, “மேந்தோலு பளபளன்னுதான் இருக்கும். நசுக்கிப் பாத்தாத்தான் உள்ள பதரா, பல்லான்னு தெரியும்” என்கிறாள். மாப்பிள்ளை என்ற சொல் அங்கே எழவேயில்லை. சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது. இதே கருத்தை உலகறிந்த பொதுப்பொருளால் நிலைநாட்டினால் வேற்றுப்பொருள் வைப்பணி. “ஆழம் தெரியாம காலை விடக்கூடாது” என்று பழமொழியைச் சேர்த்துச் சொல்லும் சித்தப்பாக்கள் அவ்வகையினர். அப்பத்தாவின் முறை சுருக்கமானது. சித்தப்பாவினுடையது டீ கேட்கும்.

தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இவை அணிகள் அல்லவாயினும் நேரே சொல்லாமையில் அணிகளோடு உறவுடையவை. இடக்கரடக்கல் என்பது அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் மறைபெயர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்று பழைய உரைகள் காட்டும். குடித்தவன் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவான் என்ற அனுபவத்தில் பிறந்த பெயர் அது. தென்மாவட்ட மாட்டுச் சந்தைகளில் துண்டை மேலே போட்டு, அடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். இது சொல்லே இல்லாத குழூஉக்குறி. மங்கலம், அமங்கலமானதை நல்ல சொல்லால் குறிப்பது. விளக்கை அணைப்பதை ‘குளிர வைப்பது’ என்பது அவ்வழக்கு. வில்பட்டியில் ஜனவரி மாதத்தில் அடுப்பை யாராவது குளிர வைக்கச் சொன்னால் அது மங்கலமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

தன்மையணி

தண்டியலங்காரம் 35-இல் தன்மையணிக்கே முதலிடம் தந்தது. எவ்வகைப் பொருளையும் உள்ள தன்மை தோன்ற உரிய சொல்லால் சொல்வது எளிதாகத் தோன்றினாலும் கடினம் என்பதாலோ என்னவோ. மேற்சொன்ன அணிகளுக்கெல்லாம் நிறுத்தத்திலும் கடையிலும் திண்ணையிலும் சான்று மலிந்து கிடக்க, தன்மையணிக்கு மட்டும் பஞ்சம். பேச்சில் அது அகப்படுவது தேங்காய் எண்ணெய், உறை மோர், பருப்பு ஆகிய முன்சொன்ன மூன்றிடத்தில். அங்கும் கேட்பவர் நம்புவதில்லை. எவராவது, “பஸ் எட்டு மணிக்கு வரும், நான் போகணும்” என்று அணியின்றிப் பேசினால், அவர் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ஆயினும் எழுத்தில் தன்மையணிக்குச் சான்று ஒன்று இவ்வூருக்கு வந்துசேர்கிறது. சந்தையில் கமிஷன் கடையார் தரும் துண்டுச் சீட்டு அது. மேலே தேதி. அதன்கீழ் மூடை எத்தனை, எடை எவ்வளவு, கிலோ என்ன விலை, மொத்தம் என்ன. பிறகு கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, சாக்கு, முன்பணம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கழித்தல் கோடுகள். அடியில் மிச்சத் தொகை. உவமை இல்லை, உருவகம் இல்லை, குறிப்பேற்றம் இல்லை. மிகை மருந்துக்கும் இல்லை. சொல் எல்லாம் உரிய சொல், பொருள் எல்லாம் உள்ள பொருள். இலக்கணத்துக்கு இத்தனை துல்லியமாகப் பொருந்தும் தன்மையணியைப் புலவர் எவரும் பாடியதில்லை.

அந்தச் சீட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, கடைசி வரியைப் படித்து முடித்ததும் பூண்டுக்காரர் ஒரு சொல் சொல்வார். அது எந்த அணியிலும் அடங்காது. இடக்கரடக்கலும் அதை அடக்கப் போதாது. ஆகையால் அச்சொல் இங்கே தரப்படவில்லை.